மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்

இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் 2022 ஓகஸ்டில் கியூ.ஆர். காட்டிப் பெற்றோல் அடிக்கத் தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். எனக்கு வீடு திருகோணமலை உவர்மலையில், வேலை நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில். போக 15 கிலோமீற்றர், வர 15, வாரத்தில் ஆறு நாள். என் 150 சி.சி. வண்டி லீற்றருக்கு 40 தந்தாலே பெரிய விஷயம். சனிக்கிழமை காலையில் தாங்கி வற்றிவிடும். அப்படி ஒரு சனிக்கிழமை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பா சும்மா சொல்வதுபோலச் சொன்னார்: "பின்னுக்கு நிக்கிற சி 90 லீற்றருக்கு அறுவது குடுத்தது."

பின்னுக்கு என்றால் குசினிக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டில். 2008 முதல் வண்டி அதற்குள் நின்றது. மேலே உரப்பை, சீட்டில் கோழி. எழுபதுகளில் வந்த ஹொண்டா சி 90, பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. 1958-இல் ஹொண்டா கொண்டுவந்த சூப்பர் கப் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. ஆகவே இது அபூர்வச் சாமான் இல்லை. பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் என்று பழைய இங்கிலாந்து வண்டிகள் வைத்திருப்பவர்கள் இதை வின்டேஜ் என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

இந்த எஞ்சினுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சொல்லாமல் பழுதைச் சொல்ல முடியாது. 1990 ஆனியில் போர் மூண்டு ஊர் கலைந்தபோது அப்பா இதில்தான் அம்மாவையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போனார். பிறகு ஊருக்குத் திரும்பும்போது வண்டியைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு வந்தார். அந்த நாளில் முல்லைத்தீவு உள்ளிட்ட வன்னிப் பகுதிக்குப் பெற்றோல் வரத் தடை. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் ஒரு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 2002-இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபிறகு வண்டி லொறியில் ஏறி ஊருக்கு வந்தது. அதாவது பத்து வருடத்துக்கு மேல் மண்ணெண்ணெய். அப்பா இன்னும் ஆறு வருடம் ஓடினார், பிறகு கொட்டிலுக்குள் தள்ளினார்.

நான் மெக்கானிக் இல்லை. சைக்கிள் சங்கிலி போட்டிருக்கிறேன், பிளக் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். இதை வாசித்துவிட்டு யாராவது தன் வீட்டு விறாந்தையில் எஞ்சின் பிரிக்க இறங்கினால், நான் விட்ட பிழைகளையாவது அவர் விடாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் பிழையை முதல் நாளே செய்தேன். கிக் இறங்கவில்லை. நான் ஏறி நின்று மிதித்தேன். இறுகிப்போன எஞ்சினை மிதித்தால் உடைவது கிக் தண்டின் பல்லும் ரிங்கும்தான் என்று பிறகு தெரிந்தது. நல்லகாலம், ஒன்றும் உடையவில்லை. செய்யவேண்டியது இது: பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் சம அளவு கலந்து துளைக்குள் விட்டு, மூடிவைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். தினமும் பின்னேரம் இடப்பக்க மூடியைக் கழற்றி, பிளைவீல் நட்டில் ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஐந்தாம் நாள் ஒரு சின்ன 'டக்'. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழுச் சுற்று வந்தது. சி 90-இன் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். ஊற்றியதெல்லாம் கீழ்ப்பக்கம் தங்கி மேல்பக்கம் காய்ந்துபோகும். வண்டியின் முன்சில்லை உயர்த்தி, எஞ்சின் நிமிரும்படி சாய்த்து வைத்த பிறகுதான் அது வேலை செய்தது.

அடுத்தது திருகாணிகள். யப்பான் வண்டியின் நட்சத்திரத் தலைத் திருகாணியும் நாம் கடையில் வாங்கும் நட்சத்திர ஸ்குரூ டிரைவரும் ஒன்றுபோல் தெரியும், ஒன்றில்லை. சாதாரண டிரைவர் அடிவரை பொருந்தாமல் மேலேறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். என் வண்டியில் எனக்கு முன்னமே யாரோ பாதியைத் தின்றிருந்தார்கள். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பெக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கு வாங்கிய சாமான்களில் கொடுத்த காசுக்கு மேலாக உழைத்தது அதுதான். வராத மூன்றுக்கு மெழுகுதிரியை உருக்கி விளிம்பில் விட்டு, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினேன். இரண்டு வந்தன. மூன்றாவதைத் துளைக்க வேண்டிவந்தது.

பக்க மூடித் திருகாணிகள் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையானதின் துளைக்குள் போட்டு இறுக்கினால் அடியில் உள்ள அலுமினியம் பிளக்கும். பழைய பிஸ்கட் பெட்டி அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகாணி எந்த இடமோ அந்த இடத்தில் குத்தி வைத்தேன். போனில் படமும் எடுத்தேன். ஆனால் நாலு மாதம் கழித்துப் பொருத்தும்போது படங்களைவிட அந்த அட்டைதான் உதவியது.

பிளைவீலை எடுக்க அதற்கென்று புல்லர் உண்டு. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் நுனியில் சுத்தியலால் தட்டி எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தட்டினால் வரும், உண்மைதான். கிராங்கும் கோணும். கிளச் பக்கம் நாலு வெட்டுப் போட்ட ஒரு நட்டு இருக்கிறது, எந்தச் சாவியும் அதில் ஏறாது. தண்ணீர்க் குழாயின் இரும்புத் துண்டொன்றை எடுத்து, நுனியை ஹெக்ஸோ பிளேடால் நாலு பல் வரும்படி அறுத்து, அரத்தால் ராவி ஒரு சாவி செய்தேன். இரண்டு மணி நேர வேலை. உளியை வைத்து அடித்து அந்த நட்டைக் கழற்றப் பார்த்த முந்தைய கைகளின் தழும்பு அதில் நாலைந்து இருந்தது.

கிளச்சின் முன்னால் ஒரு சின்னக் கிண்ணம். சி 90-க்குக் காகித ஒயில் பில்டர் கிடையாது. ஒயிலைச் சுழற்றி அழுக்கை ஓரத்துக்கு எறியும் இந்தக் கிண்ணமும், அடியில் ஒரு கம்பி வலையும்தான் வடிகட்டி. கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே கறுப்புக் களி, விரல் தடிப்புக்கு. கரண்டியால் தோண்டி எடுத்தேன். வலை பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. பழைய ஹொண்டா வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, வலப்பக்க மூடியை ஒருமுறை கழற்றி இந்த இரண்டையும் கழுவுங்கள். ஒயில் மாற்றுகிற கராஜில் இதைத் தொடமாட்டார்கள்.

அப்புறம் சிலிண்டரின் தலையை மூடும் ஹெட்டைக் கழற்றினேன்.

சிவப்பு சிலிக்கோன். கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் கெஸ்கட் இருக்கவேண்டிய இடமெல்லாம் சிவப்பு சிலிக்கோன், பற்பசைபோல் பிதுங்கிக் காய்ந்து கிடந்தது. இந்த எஞ்சினில் ஒயில் ஹெட்டுக்கு ஏறுவது வெளிக் குழாய் வழியாக இல்லை. சிலிண்டருக்கு ஊடாகப் போகும் ஒரு ஸ்டட்டின் துளையைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, ஸ்டட்டைச் சுற்றியுள்ள அந்த இடைவெளியால் மேலே அனுப்புகிறார்கள். அந்த இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கவேண்டும். அதன் மேல் வரும் நட்டுக்குச் செப்பு வாஷர் இருக்கவேண்டும். ரப்பர் வளையம் இல்லை. செப்பு வாஷர் வேறு நட்டுக்கடியில் இருந்தது. ஒயில் போகும் துளையை சிலிக்கோன் முக்கால்வாசி மூடியிருந்தது.

அதன் விலை என்ன என்பது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை இழுத்தபோது தெரிந்தது. இந்த வண்டியில் கேம் ஷாஃப்டுக்குத் தனியாகப் பெயரிங் இல்லை. அலுமினியத்தின் மேல், மெல்லிய ஒயில் படலத்தில் சுழல்கிறது. ஒயில் இல்லையென்றால் இரும்பு அலுமினியத்தைச் சுரண்டும். உட்பரப்பில் நகத்தை வைத்து இழுத்தால் கோடு கோடாகத் தட்டுப்பட்டது. கேமைப் பிடித்து ஆட்டினால் கொழுவாத கதவுபோல ஆடியது. 'இதைச் செய்தவனைக் கண்டால்' என்று மூன்று நாள் திட்டிக்கொண்டு திரிந்தேன். பத்து வருட மண்ணெண்ணெயைத் தாங்கிய எஞ்சினை, நூறு ரூபாய் ரப்பர் வளையம் வாங்கப் பஞ்சிப்பட்ட யாரோ கொன்றுவிட்டான் என்று.

நாலாம் நாள் பின்னேரம் அப்பா கொட்டிலுக்கு வந்து ஹெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அது நான்தான்" என்றார். 2006-இல் மூதூர்ச் சண்டை நேரம். பாதை பூட்டி, கடைகளில் சாமான் இல்லை. ஹெட்டில் ஒயில் வடிந்தது, வேலைக்குப் போகவேண்டும். கிடைத்தது ஒரு டியூப் சிலிக்கோன். "வடியிறது நிண்டுட்டுது. எனக்கு அது காணும்" என்றார். மேலே போவதும் சேர்ந்து நின்றுவிட்டது என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கு அது ஹெட்டைப் பார்த்தபோதே விளங்கியிருக்கும்.

ஹெட்டுக்குப் புஷ் அடித்துச் சரிசெய்யலாம், அதற்குத் துல்லியமான கை வேண்டும். நான் பழைய ஹெட் ஒன்று தேடினேன். கிண்ணியாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூன்று சி 90 ஹெட்டுகள் கிடந்தன. கேம் ஷாஃப்டைக் கையோடு கொண்டுபோயிருந்ததால் தப்பினேன். மூன்றிலும் போட்டுப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். பார்வைக்குப் பளபளத்த ஹெட்தான் அதிகம் ஆடியது. கரி பிடித்து அசிங்கமாகக் கிடந்ததில் கேம் சத்தமில்லாமல் சுழன்றது. பாவித்த சாமான் வாங்கப் போகும்போது அதோடு சேர்ந்து ஓடவேண்டிய சாமானைக் கொண்டு போங்கள். கண் பொய் சொல்லும்.

பிஸ்டனில் விட்ட பிழை என் அவசரத்தால் வந்தது. ஹெட்டைக் கழற்றிய அன்றைக்கே கொழும்பில் உள்ள நண்பனுக்குப் போன் போட்டு, பஞ்சிகாவத்தையில் ஸ்டாண்டர்ட் அளவு பிஸ்டன் செட் ஒன்று எடுத்து பஸ்ஸில் போடச் சொன்னேன். சி 90-க்கு ஸ்டாண்டர்ட் போர் 50 மில்லிமீற்றர். சாமான் வந்து சேர்ந்த பிறகு பழைய பிஸ்டனின் தலையில் இருந்த கரியைச் சுரண்டினேன். உள்ளே அச்சடித்த எழுத்து: 0.50. அதாவது இந்தச் சிலிண்டர் ஏற்கெனவே ஒருமுறை அரை மில்லிமீற்றர் பெரிதாக்கப்பட்டது. ஸ்டாண்டர்ட் பிஸ்டன் அதற்குள் சட்டைக்குள் எலும்பன்போல ஆடும். ஐந்து நிமிடம் கரி சுரண்டியிருந்தால் மிச்சமாகியிருக்கும் காசு. அந்தப் புதுப் பிஸ்டன் இப்போது என் மேசையில் பேனை போடும் சாடி.

சிலிண்டரின் தேய்மானத்தை வீட்டிலேயே ஓரளவு அளக்கலாம். பழைய ரிங் ஒன்றைப் பிஸ்டனில் இருந்து எடுத்து, சிலிண்டருக்குள் தனியாக வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, அதன் இரு நுனிக்கும் இடையில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். புது ரிங்குக்கு கால் மில்லிமீற்றர் அளவில் இருக்கும். எனக்கு ஒரு மில்லிமீற்றரைத் தாண்டியது. இதில் ஒரு கணக்கு உண்டு. சிலிண்டரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, ரிங்கின் இடைவெளி அதைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல் கூடும். வட்டத்தின் சுற்றளவு அப்படித்தானே. ரிங்கே தேய்ந்தும் இருக்கும் என்பதால் அதே ரிங்கை ஒருமுறை தேயாத அடிப்பக்கத்திலும் ஒருமுறை தேய்ந்த மேல்பக்கத்திலும் வைத்து அளந்து, வித்தியாசத்தை மூன்றால் பிரியுங்கள். மண்ணெண்ணெய் என்ன செய்தது என்பது எனக்கு இங்கே தெரிந்தது. அது பெற்றோல்போல் சுலபமாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு ரிங்கைத் தாண்டி இறங்கி, கீழே உள்ள ஒயிலையும் நீராக்கும். இந்த வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் அந்த ஒரே ஒயில்தான்.

சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் 'போர்' வேலை வீட்டில் முடியாது. நகரத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே உள்ள நானாவுக்கு அறுபது வயதிருக்கும். சிலிண்டரை வாங்கி உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பிஸ்டன் எங்க தம்பி?"

"0.75 ஓடர் பண்ணியிருக்கிறன் நானா, வந்துரும்."

"அப்ப வந்த பிறகு வாங்க. பெட்டியில 0.75 எண்டுதான் இருக்கும். எல்லாக் கம்பனிக்கும் 0.75 ஒண்டில்ல. நான் பிஸ்டன அளந்துதான் வெட்டுவன்."

பத்து நாள் காத்திருந்து பிஸ்டனோடு போனேன். பிஸ்டனின் கீழ்ப்பகுதியை அளந்து, அதைவிட 0.03 மில்லிமீற்றர் கூட வரும்படி வெட்டி, கடைசியில் கல்லால் உரசி ஹோன் பண்ணிக் கொடுத்தார். சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள், பாய் பின்னியதுபோல. அந்தக் கீறல்களில்தான் ஒயில் தங்கும். கண்ணாடிபோல் மினுக்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு, பலர் விடுவதும் அதுதான். ஹோன் பண்ணிய கல்லின் பொடி அந்தக் கீறல்களுக்குள் இருக்கும். பெற்றோலால் கழுவினால் போகாது. சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷும். பழைய வெள்ளைச் சாரத் துண்டால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டக்கூடாது. நான் ஆறு தரம் கழுவினேன். ஆறாம் தரம் துணி வெள்ளையாக வந்தது. சந்தோஷத்தில் அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். கார்த்திகை மாதம், வாடைக்காற்று, வீட்டில் இருந்து கடல் கூப்பிடு தூரம். காலையில் சிலிண்டர் முழுக்கச் செம்மஞ்சள் துரு. மறுபடி நானாவிடம். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு நிமிடம் ஹோனை விட்டு எடுத்து, அங்கேயே ஒயில் பூசி, பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கையில் தந்தார். காசும் வாங்கவில்லை. அந்த முடிச்சே எனக்குப் போதுமான ஏச்சு.

திருகோணமலையில் எஞ்சின் வேலை செய்பவருக்குக் காற்றுதான் பஞ்சாங்கம். வாடையில் உப்பும் ஈரமும், கழுவிய இரும்பு எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒயில் இல்லாமல் கிடக்கக்கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மண். ஆவணியில் கிராங்க் கேஸைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தேன். பெயரிங்குகளின் மேல் மாவு அரித்ததுபோல் புழுதி. அதற்குப் பிறகு அம்மாவின் பழைய சேலை ஒன்றை நனைத்துப் பிழிந்து விறாந்தை வாசலில் கட்டிவிட்டுத்தான் எதையும் திறந்தேன்.

கிராங்கின் கனெக்டிங் ரொட்டை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு, மேல் கீழாக அசையவே கூடாது. அதிசயமாக அசையவில்லை. அசைந்திருந்தால் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, புது ரொட் போட்டு, மீண்டும் கோணலில்லாமல் நிறுத்துவது தேர்ந்த பட்டறை வேலை. அந்தச் செலவு வந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மெயின் பெயரிங்குகள் போயிருந்தன. ஒரு கடையில் இரண்டு வாங்கினேன். பெட்டியில் பெரிய யப்பான் பெயர், விலையோ மற்றக் கடையைவிடப் பாதி. எனக்கு அந்தப் பாதி விலை சந்தேகத்தைத் தரவில்லை, சந்தோஷத்தைத் தந்தது. பூட்டி, கேஸை மூடி, கையால் சுற்றினால் சோளம் அரைக்கிற சத்தம். திரும்பப் பிரிப்பு, இன்னொரு கெஸ்கட், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. பெயரிங்கை வாங்கியவுடன் அதன் கிரீஸைக் கழுவி, உலரவிட்டு, இரண்டு சொட்டு ஒயில் விட்டு, விரலில் மாட்டிச் சுற்றிக் காதுக்குக் கிட்டப் பிடியுங்கள். உலர்ந்ததை அப்படியே விரைவாகச் சுழற்றாதீர்கள், நல்லதும் கெடும்.

பெயரிங்கை அடித்து ஏற்றவேண்டிய தேவையே இல்லை. பெயரிங்கைப் பொலித்தீனில் சுற்றி இரவு பிரீசரில் வைத்தேன். காலையில் அலுமினியக் கேஸைப் பழைய தோசைக்கல்லின் மேல் கவிழ்த்து மெதுவாகச் சூடாக்கினேன். தண்ணீர்த் துளி தெளித்தால் அது 'சுர்' என்று வற்றவேண்டும், அந்தச் சூடு போதும். குளிர்ந்த பெயரிங்கைக் கொண்டுவந்து வைத்ததும் தானாக உள்ளே விழுந்தது, 'டொக்' என்று. சுத்தியல் தேவைப்படவில்லை. சூடை மீனுக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் ஏன் கிடக்கிறது என்று அம்மா கேட்டதற்குத்தான் பதில் சொல்லக் கஷ்டப்பட்டேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்வுகளுக்குப் பேஸ்ட் பூசி உருட்டித் தேய்த்தேன். முடிந்ததா என்று பார்க்க ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளைப் பூட்டி, துவாரத்துக்குள் பெற்றோல் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டேன். கசியவில்லை. கார்புரேட்டர் முழுக்கப் பழைய பெற்றோல் காய்ந்த பிசின். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். நம் ஊரில் மீன்பிடி நைலோன் தங்கூசிக்கா பஞ்சம்? மெல்லிய தங்கூசியை விட்டு இழுத்தேன், சுத்தமானது. கெஸ்கட் கடதாசியைக் கேஸின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் மெல்லத் தட்டினால் அதுவே அளவாக வெட்டுப்படும். ஹெட் கெஸ்கட்டும் ரப்பர் வளையங்களும் மட்டும் புதிதாக வாங்கினேன். அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே செப்பு வாஷரை அதற்குரிய நட்டுக்கடியில் போட்டேன்.

டைமிங் சங்கிலியில் ஒரு பல் பிழைத்தேன். பிளைவீலில் 'டி' குறி கேஸின் குறிக்கு நேரே நிற்கும்போது கேம் பற்சக்கரத்தின் வட்டக் குறி ஹெட்டின் வெட்டுக்கு நேரே நிற்கவேண்டும். நின்றது. பூட்டினேன். ஆனால் சங்கிலி தொய்ந்திருந்த நேரம் பார்த்த குறி அது. கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, சங்கிலி இறுகிய பிறகு மீண்டும் பார்த்தால் ஒரு பல் தள்ளி நின்றது. இரண்டு சுற்று, பிறகு இன்னொரு பார்வை. அதற்கு முன் கிக்கைத் தொடாதீர்கள். வால்வின் நுனிக்கு மேலே விடும் டப்பட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர். தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டும் பொயின்டின் இடைவெளி 0.35 அளவில். தீப்பொறி விழும் நேரத்தைப் பார்க்க ஒரு 6 வோல்ட் பல்பைப் பொயின்டோடு சேர்த்துக் கட்டி, 'எஃப்' குறி வரும் அந்தக் கணத்தில் வெளிச்சம் மாறுகிறதா என்று பார்த்தேன். பழைய கொன்டென்சரை யோசிக்காமல் எறிந்துவிட்டேன், பொயின்டின் முகம் கருகியிருந்ததே சாட்சி.

ஒயில் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் பிடிக்கும். மோட்டார் சைக்கிளுக்கென்று வரும் ஒயிலையே விடுங்கள், கார் ஒயில் சிலதில் கிளச் வழுக்கும்.

2023 தைப்பொங்கலுக்கு முதல் நாள், சனிக்கிழமை. பிளக்கைப் போடவில்லை. செப்பு வாஷர் போட்ட நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, கிக்கை அடிக்கத் தொடங்கினேன். ஒயில் மேலே ஏறுகிறதென்றால் அந்த நட்டின் அடியில் கசியவேண்டும். இருபது, முப்பது, ஒன்றும் இல்லை. அப்பா கதிரையைக் கொண்டுவந்து ஹெட்டுக்கு நேரே போட்டுக் குனிந்து உட்கார்ந்தார். நாற்பது தாண்டி இருக்கும், நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். "நில், நில்" என்றார். நட்டைச் சுற்றி மெல்லிய பொன்னிற வளையம். அவர் அதை விரலால் தொட்டு, இரு விரலிடையில் உரசிப் பார்த்தார்.

நட்டை இறுக்கி, பிளக்கைப் போட்டு, ஏழாவது உதையில் எஞ்சின் எழும்பியது. கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, பூசிய ஒயில் எரிகிற மணம். புது ரிங் போட்ட எஞ்சினை நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடவிடக்கூடாது என்பதால் ஐந்து நிமிடத்தில் றோட்டுக்கு இறக்கினேன். முதல் நாட்களில் நாற்பதுக்கு மேல் போகவில்லை, ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டும் போகவில்லை. கொஞ்சம் கொடுப்பது, கொஞ்சம் விடுவது. நிலாவெளி றோட்டு மட்டமான றோட்டு, அதற்குச் சரி. 100 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றினேன், வெயிலில் பிடித்தால் வெள்ளித் தூள் மினுங்கியது. 500-இல் மாற்றியபோது மினுக்கம் இல்லை. அதற்குள் பெற்றோல் வரிசைகள் மறைந்துவிட்டன, அதே வருடம் கியூ.ஆர். பங்கீடும் நின்றது. எந்தக் காரணத்துக்காகத் தொடங்கினேனோ அது போய்விட்டது. வண்டி மிஞ்சியது.

அம்மா கேட்ட கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பேனைச் சாடிப் பிஸ்டனும் அந்தப் பெயரிங்குகளும் சேர்த்து 60,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அவை இரண்டும் இல்லாவிட்டால் பதினையாயிரம் குறைந்திருக்கும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கன்னியாப் பக்கம் போய் வந்தார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. வந்து ஸ்டாண்ட் போட்டுவிட்டு, "டப்பட் சத்தம் கேக்குது" என்றார்.

"0.05 வைச்சிருக்கிறன் அப்பா. புத்தகத்தில உள்ள அளவு."

"அது எனக்குத் தெரியாது. சத்தம் கேக்குது."

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பீலர் கேஜை விட்டேன். எக்ஸோஸ்ட் பக்க லொக் நட் இளகியிருந்தது. 0.15 தகடும் தாராளமாகப் போய் வந்தது.